தறி பாய்சானுக்கு அடங்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் கல்வி இணைப்பிதழில் தரவு அறிவியல் படிப்பது பற்றி வந்த கட்டுரையை என் அக்கா மகன் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான், "மாமா, உங்க வேலையைப் பத்தி பேப்பர்ல போட்டிருக்காங்க" என்று. படித்தேன். இரண்டு இடத்தில் நெருடியது. ஒன்று சின்ன விஷயம், கட்டம் கட்டிப் போட்டிருந்த ஒரு வரி தப்பு, திருத்தம் போட்டால் தீர்ந்தது. இன்னொன்று கடைசிப் பத்தி. நிகழ்தகவுப் பரவல் (எந்த எண் வர எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லும் சூத்திரம்) என்றெல்லாம் பயப்பட வேண்டாம், பரவலின் பெயரைச் சொன்னால் போதும், மீதியை நிரல் பார்த்துக்கொள்ளும் என்று எழுதியிருந்தீர்கள். அதை நம்பி ஒரு தடவை மூக்குடைபட்டவன் நான், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், இடம் இல்லாவிட்டால் வெட்டிக்கொள்ளுங்கள்.

பல்லடம் பக்கம் ஒரு நெசவாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். படித்தது பி.எஸ்சி. புள்ளியியல். தறி ஷெட்டை ஒட்டிய ஒரு சின்ன ஏ.சி. அறையில் உட்கார்ந்து, எந்தத் தறி எத்தனை தடவை நின்றது, துணி அகலம் எவ்வளவு வந்தது, எந்த பீமில் (பாவு சுற்றி வரும் உருளை) பாவு, அதாவது நீளவாட்டு இழை, அதிகம் அறுந்தது என்று கணக்குப் பார்ப்பதுதான் பிழைப்பு. பயன்படுத்துவது ஆர் என்ற நிரல்மொழி. நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மேன் என்ற இரண்டு பேர் உருவாக்கியது, இரண்டு பேர் பெயரும் ஆர் எழுத்தில் தொடங்குவதால் மொழிக்கும் அதே பெயர், முதல் முழுப் பதிப்பு 2000-இல் பிப்ரவரி 29 அன்று வந்தது. காசு கொடுக்காமல் இறக்கிக்கொள்ளலாம் என்பதால்தான் எங்கள் ஆலையில் அதற்கு அனுமதியே கிடைத்தது, அது வேறு கதை.

முதலில் அந்தக் கட்டம். ஆர் மொழியில் எந்தப் பரவலை எடுத்தாலும் அதன் பெயருக்கு முன்னால் டி, பி, க்யூ, ஆர் என்று நான்கில் ஓர் எழுத்தைச் சேர்த்தால் நான்கு வேலை நடக்கும் என்று போட்டிருந்தீர்கள். அதுவரை சரி. அப்புறம், "டிநார்ம் போட்டால் அந்த எண் வருவதற்கான நிகழ்தகவு கிடைக்கும்" என்று இருந்தது. நார்ம் என்பது மணி வடிவ இயல்நிலைப் பரவலின் சுருக்கம். கிடைக்காது. எங்கள் தறி ஒன்றில் துணி அகலம் சராசரி 63 அங்குலம், திட்ட விலக்கம், அதாவது சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறுகிறது என்ற அளவு, 0.1 அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிநார்மிடம் 63 என்ற எண்ணைக் கொடுத்து இந்த இரண்டு அளவையும் சொன்னால் 3.99 என்று விடை வரும். நிகழ்தகவு எப்படி ஐயா 3.99 ஆகும்? அது ஒன்றைத் தாண்டவே கூடாதே. டிநார்ம் சொல்வது அந்த இடத்தில் வளைகோட்டின் உயரத்தை, அடர்த்தியை. அந்த உயரத்தை ஒரு சின்ன இடைவெளியின் நீளத்தால் பெருக்கினால்தான் நிகழ்தகவு. 62.95-க்கும் 63.05-க்கும் நடுவில் அகலம் விழ எவ்வளவு வாய்ப்பு என்று கேட்டால் அதற்கு ஒரு விடை உண்டு, சுமார் 38 சதவீதம், அதை பிநார்மிடம் இரண்டு முறை கேட்டு ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து எடுக்க வேண்டும். பிநார்ம் என்பது இந்த அளவுக்குக் கீழே விழும் வாய்ப்பு. வாங்குபவர் 62.8-க்குக் கீழே வந்தால் திருப்பி அனுப்புவேன் என்கிறார், பிநார்ம் 0.0228 என்கிறது, ஆக நூறு அளவில் இரண்டு சொச்சம் அடிபடும். க்யூநார்ம் அதைத் தலைகீழாகக் கேட்பது, நூற்றுக்கு ஒன்று மட்டும் அடிபட வேண்டுமானால் எல்லையை எங்கே வைக்கலாம் என்று கேட்டால் 62.77 என்று சொல்லும். ஆர்நார்ம், அதே பரவலில் இருந்து கற்பனை எண்களை அள்ளிக் கொட்டும். என்னைக் கேட்டால் நான்கில் பெரிய ஆள் இந்த ஆர்நார்ம்தான், அதை ஏன் சொல்கிறேன் என்று கீழே வருகிறேன்.

ஒரு சலுகை உண்டு. எண்ணிக்கைகளுக்கு, அதாவது 0, 1, 2 என்று முழு எண்ணாக மட்டும் வரும் பரவலுக்கு, டி கொடுப்பது நிஜமாகவே நிகழ்தகவுதான். உங்கள் கட்டுரையாளர் ஈருறுப்புப் பரவலை (காசை இத்தனை தடவை சுண்டினால் எத்தனை தலை விழும் என்ற கணக்கு) வைத்துக் கற்றுக்கொண்டு அதையே இயல்நிலைப் பரவலுக்கும் நீட்டிவிட்டார் என்று நினைக்கிறேன்.

சரி, தறிக்கு வருவோம். சில வருடங்களுக்கு முன்னால் மேலாளர் கூப்பிட்டு, ராத்திரி ஷிப்டில் ஒரு உதவி ஆளைக் குறைக்கலாமா என்று கணக்குப் போட்டுச் சொல் என்றார். உதவி ஆள் எதற்கென்றால், ஒரு தறி ஒரே மணி நேரத்தில் பத்துக்கு மேல் நின்றுவிட்டால், நெசவாளர் ஒருவரால் பாவு இழையை முடிந்துவிட்டு மற்ற தறிகளையும் பார்க்க முடியாது, கூட ஒரு கை வேண்டும். ஒரு தறி மணிக்குச் சராசரியாக 4 தடவை நிற்கிறது என்பது எனக்குத் தெரியும். குறிப்பிட்ட நேரத்தில் எத்தனை தடவை என்று எண்ணுவதற்குப் பாய்சான் பரவல் என்று கல்லூரியில் உருப்போட்டது நினைவில் இருந்தது. பாய்சானுக்கு ஒரே ஒரு எண் போதும், சராசரி. பி-பாய்ஸ், 10, 4, மேல் வாலைக் காட்டு (பத்துக்கு மேல் போக எவ்வளவு வாய்ப்பு என்று அர்த்தம்), என்டர். 0.0028. மாதத்துக்கு 720 மணி நேரம் என்றால் அதில் 2 மணி நேரம்தான் அப்படி வரும். ஒரு தறிக்கு மாதத்தில் வெறும் 2 மணி நேரம். அழகான ஒரு படம் வரைந்து கொடுத்தேன். உதவி ஆளை எடுத்துவிட்டார்கள்.

அடுத்த மாதம் ராத்திரி உற்பத்தி இறங்கியது. தறி நின்றது நின்றபடி கிடக்கிறது, ஆள் தூங்குகிறார்களா என்று நெசவாளர்களிடம் விளக்கம் கேட்கப்பட்டது. கணக்குப்படி மாதம் 2 மணி நேரம்தானே வர வேண்டும், கணக்குதான் கம்ப்யூட்டரில் இருக்கிறதே. அதில் ஒருவர், என்னை விடப் பதினைந்து வயது மூத்தவர், ஷிப்ட் முடிந்து போகும்போது என் அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றார். "அறுக்காட்டி நாளெல்லாம் அறுக்காது தம்பி. அறுக்க ஆரம்பிச்சா விடாம அறுக்கும். அது உங்க கம்ப்யூட்டருக்குத் தெரியாதுங்களா?" என்றார். நான் பதில் சொல்லவில்லை. சொல்லத் தெரியவில்லை என்பதுதான் நிஜம்.

அன்றைக்குத்தான் செய்திருக்க வேண்டிய வேலையைச் செய்தேன். நான்கு தறியின் பதிவேட்டில் இருந்து பீம் மாற்றிய நேரத்தையெல்லாம் ஒதுக்கிவிட்டு 720 மணி நேரத்துக்கான எண்ணிக்கையைத் தட்டி ஏற்றினேன். சராசரி 4, அதில் பிசகில்லை. பாய்சான் உண்மையாக இருந்தால் விலக்க வர்க்கச் சராசரியும் (ஒவ்வொரு எண்ணும் சராசரியிலிருந்து விலகியதை வர்க்கமாக்கி எடுத்த சராசரி, திட்ட விலக்கத்தின் வர்க்கம்) 4-ஐ ஒட்டி இருக்க வேண்டும், அந்தப் பரவலின் குணமே அதுதான், சராசரியும் அதுவும் ஒன்று. எனக்கு வந்தது 11.8. ஒரே ஒரு வரி நிரல், அதை முதல் நாளே போட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. அப்புறம் ஆர்-பாய்ஸை விட்டு சராசரி 4 வைத்து 720 கற்பனை மணி நேரத்தை உருட்டச் சொன்னேன். அதையும் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சின்னக் குழந்தைக்கும் தெரியும். கற்பனையில் அதிகபட்சம் 12, பதிவேட்டில் 23. கற்பனையில் ஒரு தடவைகூட நிற்காத மணி நேரம் 13, பதிவேட்டில் 76. பத்துக்கு மேல் போன மணி நேரம் கற்பனையில் 2, பதிவேட்டில் 41. அந்த அண்ணன் கதவருகே நின்று சொன்னதன் இரண்டு பாதியும் இதில் இருக்கிறது பாருங்கள், அறுக்காத மணி நேரமும் பாய்சான் சொன்னதை விட அதிகம், விடாமல் அறுக்கும் மணி நேரமும் அதிகம், நடுத்தரமாக நின்ற மணி நேரம்தான் குறைவு.

காரணம் ஒன்றும் பெரிய மர்மமில்லை. பாய்சான் எதிர்பார்ப்பது, ஒரு இழை அறுவதற்கும் அடுத்தது அறுவதற்கும் சம்பந்தம் இருக்கக் கூடாது, எல்லா மணி நேரமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று. தறியில் அப்படியா? சைசிங்கில் பசை சரியாக ஏறாத பீம் வந்து மாட்டினால் அது தீரும்வரை அறுந்துகொண்டே இருக்கும், ஷெட்டில் ஈரப்பதம் இறங்கினால் எல்லாத் தறியிலும் சேர்ந்து அறுக்கும், கரண்ட் போய் வந்தால் முதல் அரை மணி நேரம் சொல்லவே வேண்டாம். நல்ல பீம் வந்தால் ஒரு ஷிப்டே அமைதியாகப் போகும். அப்படியானால் 4 என்பது எல்லா மணி நேரத்துக்கும் பொதுவான எண்ணே கிடையாது, ஒரு மணிக்கு 1, இன்னொரு மணிக்கு 9 என்று அதுவே ஆடுகிறது. இந்த ஆட்டத்துக்கு காமா பரவலை (பூஜ்ஜியத்துக்குக் கீழே போகாத, மேலே வால் நீண்ட பரவல்) கொடுத்து, அதில் விழுந்த எண்ணைச் சராசரியாக வைத்து மேலே பாய்சானை ஓட்டினால் கிடைப்பதற்குத்தான் நெகட்டிவ் பைனாமியல் என்று பெயர். கல்லூரியில் இதை 'எத்தனையாவது தோல்விக்குப் பிறகு இரண்டாவது வெற்றி' என்று காசு சுண்டுகிற கணக்காகச் சொல்லிக் கொடுத்தார்கள், அதனால் தறிக்கும் அதற்கும் உறவு இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சராசரி 4, ஆட்டம் எவ்வளவு என்று குறிக்கும் சைஸ் என்கிற இன்னொரு எண் 2 என்று வைத்துக் கேட்டேன். பத்துக்கு மேல் போக வாய்ப்பு 0.054, மாதத்துக்கு 39 மணி நேரம். ஒரு தடவையும் நிற்காமல் இருக்க 0.11, அதாவது 80 மணி நேரம். பதிவேட்டோடு ஏறக்குறைய ஒத்துப்போனது. முதலில் நான் சொன்ன 2 மணி நேரத்துக்கும் இந்த 39-க்கும் இடையில் ஒரு ஆளின் வேலை போயிருக்கிறது, நாலைந்து பேர் தூங்கியதாகப் பேர் வாங்கியிருக்கிறார்கள். மேலாளரிடம் போய்ச் சொன்னேன். உதவி ஆளைத் திரும்பப் போட்டார்கள், அதே ஆள் வரவில்லை, அவர் அதற்குள் வேறு ஆலைக்குப் போயிருந்தார்.

என் ஆத்திரமெல்லாம் அந்த என்டர் தட்டிய நொடி மேல்தான். நிரல் ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. சராசரி 4 என்றேன், பாய்சான் என்றேன், இந்தா பிடி என்று நான்கு தசமத்தில் கொடுத்துவிட்டது. எழுத்துப் பிழை இருந்தால் சிவப்பில் கத்துகிற நிரல், பரவலையே தப்பாகச் சொன்னால் பேசாமல் இருக்கிறது. அதற்கு எப்படித் தெரியும், தறியை அது பார்த்ததா என்ன.

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். ஆர் மொழியை நிறுவினாலே கூடவே சில மாதிரித் தரவுகள் வரும். அதில் ஒன்றின் பெயர் வார்ப்பிரேக்ஸ், பாவு அறுதல்! 54 எண்கள், இரண்டு வகைக் கம்பளி நூல், மூன்று வித இழுவிசை, ஒவ்வொரு சேர்க்கைக்கும் 9 தறி, குறிப்பிட்ட நீளப் பாவுக்குள் எத்தனை தடவை அறுந்தது என்ற கணக்கு. சராசரி 28, விலக்க வர்க்கச் சராசரி 174. குறைந்தது 10, அதிகம் 70. சராசரி 28 உள்ள பாய்சானில் 70 என்ற எண்ணை, பல நூறு கோடி தடவை உருட்டினாலும் பார்ப்பது அரிது. நூல் வகையும் இழுவிசையும் வேறு வேறு என்பதால்தான் இப்படி என்று சமாதானம் சொல்லலாம், ஆனால் அதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் பாய்சானுக்கு அடங்காது. என் கணினியிலேயே, எட்டும் தூரத்தில், என் தொழிலின் தரவே உட்கார்ந்துகொண்டு இந்தத் தப்பைச் செய்யாதே என்று சொல்லிக்கொண்டிருந்தது, நான் திறந்து பார்க்கவில்லை.

அந்தத் தரவு எங்கிருந்து வந்தது என்று தேடப் போய்த்தான் எல்.எச்.சி. டிப்பெட் என்பவரைத் தெரிந்துகொண்டேன். இங்கிலாந்தின் பருத்தித் தொழில் ஆராய்ச்சிக் கழகத்தில், மான்செஸ்டரில், வேலை பார்த்த புள்ளியியலாளர். 1950-இல் வந்த அவருடைய புத்தகத்தில் இருந்து எடுத்ததுதான் மேலே சொன்ன 54 எண்கள். மனுஷன் செய்த வேலையைப் பாருங்கள். 1927-இல், கணினியே இல்லாத காலத்தில், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிக்கைகளில் இருந்து இலக்கங்களைப் பொறுக்கி எடுத்து 41,600 இலக்கம் கொண்ட சமவாய்ப்பு எண் அட்டவணை ஒன்றை அச்சுப் போட்டார். இன்றைக்கு ஆர்நார்ம் ஒரு இமைப்பில் கொட்டுகிற வேலைக்கு அன்றைக்கு அந்தப் புத்தகத்தைப் புரட்டி வரிசை வரிசையாக எண்ணைப் படிக்க வேண்டும். மறு வருடம், 1928-இல், ஆர்.ஏ. ஃபிஷர் என்ற புகழ்பெற்ற புள்ளியியலாளரோடு சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார். நிறைய எண்களை எடுத்து அதில் மிகப் பெரியதை அல்லது மிகச் சிறியதை மட்டும் பொறுக்கினால் அது எந்தப் பரவலில் விழும் என்பது கேள்வி. ஒரு பருத்தி இழை அறுவதும் அறாமல் இருப்பதும் அதில் இருக்கும் ஆகப் பலவீனமான இடத்தின் கையில்தானே இருக்கிறது. நூலின் பலத்தைப் பற்றிய யோசனைதான் அவரை அந்தக் கேள்விக்குக் கொண்டுபோய் விட்டது.

நூலில் தொடங்கிய அந்தக் கணக்குதான் இப்போது மழைக்கு ஓடுகிறது. வருடத்துக்கு வருடம் பெய்த ஆகப் பெரிய ஒரு நாள் மழையை எடுத்து, அந்தக் குடும்பத்துப் பரவல் ஒன்றைப் பொருத்தி, நூற்றில் ஒரு பங்கு வாய்ப்புள்ள அளவு எது என்று க்யூ எழுத்தைப் போட்டுக் கேட்டால் வருவதைத்தான் நூறாண்டு மழை என்கிறார்கள். உங்கள் பத்திரிகை உட்பட எல்லோரும் இதை 'நூறு ஆண்டுக்கு ஒரு முறை' என்று எழுதுகிறீர்கள், படிப்பவர் சரி, வந்துவிட்டுப் போய்விட்டது, இனி பேரன் காலத்தில்தான் என்று நினைத்துக்கொள்கிறார். ஒவ்வொரு வருடமும் நூற்றில் ஒரு வாய்ப்பு என்பதுதான் அதன் பொருள், போன வருடம் பெய்ததை அது ஞாபகம் வைத்துக்கொள்ளாது. 30 வருடக் கடனில் வீடு வாங்குகிறவர் கடன் முடிவதற்குள் அப்படி ஒன்றையாவது பார்க்க எவ்வளவு வாய்ப்பு? 0.99-ஐ 30 தடவை பெருக்கி 1-இலிருந்து கழியுங்கள், 26 சதவீதம். நான்கில் ஒன்றுக்கும் மேல். இதுவும்கூட வாய்ப்பு வருடத்துக்கு வருடம் மாறாது என்று நம்பினால்தான். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியதே, நம் மாநிலத்துக்கு வடகிழக்குப் பருவமழை மூன்று மாதமும் சேர்ந்தே சராசரி 44 செ.மீ.தான், அந்த மாதிரி ஒரு புள்ளி உள்ளே வந்து விழுந்த பிறகு முன்பு பொருத்திய வால் அப்படியே இருக்குமா என்று யாராவது திரும்பக் கணக்குப் போட வேண்டும். நான் வானிலைக்காரன் இல்லை, இத்தோடு விடுகிறேன்.

பாய்சானைத் திட்டுவதாக நினைக்க வேண்டாம். அது பொருந்துகிற இடத்தில் மாயம் மாதிரிப் பொருந்தும். பிரஷ்ய ராணுவத்தில் குதிரை உதைத்துச் செத்த வீரர்களைப் பற்றி போர்ட்கீவிச் என்ற புள்ளியியலாளர் 1898-இல் எழுதிய கணக்கு எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கும். 10 படைப்பிரிவு, 20 வருடம், ஆக 200 பதிவு, 122 சாவு, சராசரி 0.61. ஒரு சாவும் இல்லாத பதிவு 109, டி-பாய்ஸைக் கேட்டால் 108.7 என்கிறது. ஒரு சாவு 65, கணக்கு சொல்வது 66.3. இரண்டு சாவு 22, கணக்கில் 20.2. இதைப் பார்த்துப் படித்துவிட்டு வெளியே வருகிற பையன் உலகத்தில் எண்ணுகிற எல்லாமே பாய்சான் என்று நம்புவதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது, நானும் அப்படி வந்தவன்தான். ஒரு குதிரை உதைத்ததால் அடுத்த குதிரைக்கு உதைக்கும் ஆசை வராது. என் தறிக்கு வரும்.

பெயரைச் சரியாகச் சொன்ன பிறகும் பள்ளம் இருக்கிறது. என் அக்கா மகன் நான் எழுதிய அந்த காமா நிரலைப் பைத்தான் என்ற இன்னொரு நிரல்மொழிக்கு மாற்றிக் கொடுக்கிறேன் என்று உட்கார்ந்தான். ஆர் மொழியில் நான் காமாவுக்குக் கொடுத்தது 2, 0.5 என்ற இரண்டு எண். அப்படியே பைத்தானின் நம்பை (NumPy) என்ற கணக்கு நிரல் தொகுப்புக்கும் கொடுத்தான். ஓடியது, எந்தப் பிழையும் இல்லை, தறி மணிக்குச் சராசரி ஒரு தடவைதான் நிற்கும் என்று வந்தது. பையனுக்குச் சந்தோஷம், "மாமா, உங்க தறியெல்லாம் சூப்பர்" என்கிறான். விஷயம் என்னவென்றால் ஆர் அந்த இரண்டாவது எண்ணை வீதம் என்று எடுத்துக்கொள்ளும், 2-ஐ 0.5-ஆல் வகுத்தால் சராசரி 4. நம்பை அதையே அளவீடு என்று எடுத்துப் பெருக்கிவிடும், சராசரி 1. இரண்டுமே அவரவர் ஊர் வழக்கப்படி சரி. எனக்குச் சராசரி தெரிந்திருந்ததால் பிடித்தேன், தெரியாதவர் பிடித்திருக்க மாட்டார். இதற்குத்தான் ஆர் எழுத்துக்காரர் பெரிய ஆள் என்று மேலே சொன்னேன். ஆயிரம் கற்பனை எண்ணை உருட்டி அதன் சராசரியைப் பார், நீ நினைத்ததுதானா என்று பார், அப்புறம் மற்ற மூன்று எழுத்தையும் தொடு. அரை நிமிட வேலை.

அவனுடைய தங்கை கோவையில் ஒரு கல்லூரியில் புள்ளியியல் முதல் வருடம். எந்தக் கல்லூரி என்று கேட்காதீர்கள். ரெக்கார்ட் நோட்டைப் பார்த்தேன். கேள்வியில், மாணவர் மதிப்பெண்கள் 50, 25 என்ற இயல்நிலைப் பரவலில் இருக்கின்றன, 100 மதிப்பெண்களை உருவாக்குக என்று இருக்கிறது. நம் பாடப்புத்தக வழக்கத்தில் அடைப்புக்குள் இரண்டாவதாக எழுதுவது விலக்க வர்க்கச் சராசரி, ஆக அதன் வர்க்கமூலமான 5-தான் திட்ட விலக்கம். ஆர்நார்ம் கேட்பதோ திட்ட விலக்கத்தை. பிள்ளை கேள்வியில் இருந்த 25-ஐ அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறது. விடைத்தாளில் மைனஸ் 7.3 என்று ஒரு மதிப்பெண், 104 என்று ஒரு மதிப்பெண். நூற்றுக்கு 104! அச்செடுத்து ஒட்டி, கீழே அடிக்கோடு போட்டு, ஓரத்தில் சிவப்பு மையில் டிக், தேதியோடு கையெழுத்து. பிள்ளையைக் குறை சொல்ல மாட்டேன், டிக் போட்டவரையும் ரொம்பச் சொல்ல மாட்டேன், ஒரு பேட்சுக்கு அறுபது ரெக்கார்ட் திருத்துகிறவர் எண்ணையா படிப்பார், படம் மணி மாதிரி இருந்தால் போதும். "மைனஸ் மார்க் எப்படிம்மா வரும்?" என்று கேட்டேன். "கம்ப்யூட்டர்ல அப்படித்தான் வந்துச்சு மாமா" என்றாள். உங்கள் கட்டுரையின் கடைசிப் பத்தி எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

விதை எண் பற்றியும் ஒரு வரி. உருட்டுவதற்கு முன்னால் ஒரு விதை எண்ணைக் கொடுத்துவிட்டால் எத்தனை தடவை ஓட்டினாலும் அதே கற்பனை எண்கள் வரும், மற்றவர் சரிபார்க்க வசதி, எல்லோரும் 123 என்றோ 42 என்றோ போடுவார்கள். அதிலும் ஒரு கெட்ட பழக்கத்தைப் பார்த்திருக்கிறேன், விடை பிடிக்கும்வரை விதையை மாற்றிக்கொண்டே போவது. அது கணக்கே இல்லை, சோழி உருட்டுவது. கூடவே இன்னொன்று, 2019-இல் வந்த 3.6 பதிப்பில் மாதிரி எடுக்கும் முறையையே மாற்றினார்கள், அதனால் பழைய பதிப்பில் எடுத்த மாதிரி புதியதில் அதே விதை போட்டாலும் வராது. பழைய அறிக்கையோடு ஒப்பிட்டு யாராவது தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தால் இதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

'பத்துக்கு மேல்' என்பதிலேயே நான் இன்னொரு தடவை சறுக்கினேன், அதையும் சொல்லிவிடுகிறேன். பி-பாய்ஸிடம் 10 கொடுத்து மேல் வாலைக் கேட்டால் 11-இலிருந்துதான் எண்ணும், 10 அதில் சேராது. பத்தும் அதற்கு மேலும் வேண்டுமானால் 9 கொடுக்க வேண்டும். சராசரி 4-க்கு முதலாவது 0.0028, இரண்டாவது 0.0081, கிட்டத்தட்ட மூன்று மடங்கு. அகலம், எடை மாதிரித் தொடர்ச்சியான அளவில் இந்தத் தொல்லை கிடையாது, எண்ணிக்கையில் உண்டு. எழுதும்போதே பேச்சுத் தமிழில் 'பத்துக்கு மேல' என்றால் பத்தும் சேர்த்தியா என்று மேலாளரிடம் கேட்டுக்கொள்வது இப்போது என் வழக்கம். அவருக்கு எரிச்சல் வரும், வரட்டும்.

ஆகவே ஆசிரியர் அவர்களே, டிநார்ம் பற்றிய அந்த வரிக்கு அடுத்த இணைப்பிதழில் ஒரு திருத்தம் போடுங்கள், பிள்ளைகள் வெட்டி வைத்துப் படிப்பார்கள். முடிந்தால் கட்டுரையாளரை அடுத்த பகுதியில் அந்த வார்ப்பிரேக்ஸ் தரவையே எடுத்துச் செய்து காட்டச் சொல்லுங்கள், யாரும் எதையும் இறக்க வேண்டியதில்லை, ஆர் இருந்தால் அதுவும் இருக்கும். சராசரியையும் விலக்க வர்க்கச் சராசரியையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, அதே சராசரியில் 54 பாய்சான் எண்ணை உருட்டி, இரண்டு படத்தையும் அரைப் பக்கத்தில் அச்சடித்தால் போதும், கீழே விளக்கம்கூட வேண்டாம். எங்கள் ஷெட்டில் கேன்டீன் பக்கம் உங்கள் பத்திரிகையைச் சுவரில் ஒட்டி வைப்பார்கள், அந்த அண்ணனும் டீ குடிக்க அங்கேதான் வருவார்.

இப்படிக்கு,
நெசவாலைத் தரக்கட்டுப்பாட்டுப் பணியாளர் ஒருவர்,
பல்லடம்.